புளியந்துறைப் பாலத்துக்கு அம்மாவோட ஒரு நாள்

பேங்காக் டிக்கெட் போட்ட அன்னைக்கே அம்மா கேட்ட ஒரே கேள்வி, "அங்கேருந்து அந்த சயாம் ரயில் பாலம் எவ்வளவு தூரம்மா?"ங்கிறதுதான். கோயில் கேக்கல, கடைத்தெரு கேக்கல. சயாம்னா தாய்லாந்தோட பழைய பேரு, யுத்த காலத்துல ஜப்பான்காரன் அங்க ஆளுங்களை வச்சு போட்ட மரண ரயில் பாதையோட பாலம் அது. நான் அம்மாவுக்கு 74 வயசாச்சே, முட்டி வேற சரியில்ல, நாலு நாள் நல்ல ஹோட்டல்ல ஓய்வா இருக்கட்டும்னுதான் கூட்டிட்டுப் போனேன், ஆனா அவங்க மனசுல வேற கணக்கு ஓடிட்டு இருந்திருக்கு. பெட்டியை கட்டும்போது துணிக்கு நடுவுல ஒரு பழைய பால் மங்கு, துண்டுல சுத்தி வச்சிருந்ததை பார்த்தேன். ரப்பர் தோட்டத்துல வளந்தவங்களுக்கு தெரியும், மரத்துல கோடு போட்டதும் பால் வடிஞ்சு விழுமே, அந்த சின்ன கிண்ணம். வெள்ளை பீங்கான், உள்ளுக்குள்ள காப்பி கலர்ல கறை, எவ்வளவு தேச்சாலும் போகாது. எதுக்கும்மா இதுன்னு கேட்டேன், இருக்கட்டும்னாங்க.

கதையை முதல்ல சொல்லிடறேன், இல்லன்னா எதுக்கு இவ்வளவு தூரம் போனோம்னு புரியாது. எங்க குடும்பம் மலேசியாவுல, அப்போ மலாயா, பேராவுல ஒரு ரப்பர் தோட்டத்துல இருந்த குடும்பம். அம்மாவோட அப்பா, அதாவது எங்க தாத்தா, ஜப்பான்காரன் காலத்துல 15 வயசு பையன். அவருக்கு ஒரு அண்ணன், 20 வயசு, அம்மாவுக்கு பெரியப்பா முறை. 1943ல ஒரு நாள் விடியக்காலை பெரட்டுல (வேலைக்கு முன்னாடி பேர் கூப்பிடுற எடம்) ஆள் எடுத்தாங்களாம், சயாம்ல ரயில் ரோடு போடுற வேலை, மூணு மாசம்தான், ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி (டாலர்) சம்பளம், சாப்பாடு குடுப்பாங்கன்னு. வீட்டுக்கு ஒரு ஆள் போகணும்னு சொன்னப்போ அவரோட அப்பா, எங்க பூட்டனுக்கு பதிலா பெரியப்பா போனார். அப்போ தோட்டத்துல அரிசி கிடையாது, மரவள்ளிக்கிழங்குதான் மூணு வேளையும், கையில இருந்ததெல்லாம் வாழைமரம் படம் போட்ட ஜப்பான் நோட்டு, அதுக்கு கடையில எதுவும் குடுக்க மாட்டான், அதனால மூணு மாசம் போயிட்டு வந்துட்டா கொஞ்சம் தலை நிமிரலாம்னு அவரே நினைச்சிருக்கலாம். போனவர் வரல. அவ்வளவுதான் கதை. கடுதாசி இல்ல, சாவு செய்தி இல்ல, தேதி இல்ல, அதனால திதி இல்ல.

யுத்தம் முடிஞ்சப்பறம் 1946ல அதே தோட்டத்து ஆள் ஒருத்தர் எலும்பும் தோலுமா திரும்பி வந்து, "கால்ல புண்ணு வச்சிருந்துச்சு, ஆத்தோரமா ஒரு கொட்டாயில படுத்திருந்தான், நாங்க அடுத்த கேம்புக்கு நடந்துட்டோம்"ன்னு சொன்னாராம். அந்த ஒரு வாக்கியம்தான் எங்க குடும்பத்துல 80 வருஷமா இருக்கிற தகவல். அம்மாவோட பாட்டி, பெரியப்பாவோட அம்மா, அதை நம்பவே இல்ல. படுத்திருந்தான்னுதானே சொன்னான், செத்தான்னு சொல்லலையே, அப்படின்னு 1970ல அவங்க கண்ணை மூடுற வரைக்கும் சொல்லிட்டு இருந்தாங்களாம். பெரியப்பாவோட மங்குகளை வேற யாருக்கும் குடுக்க விடல. அதுல மிஞ்சின ஒண்ணுதான் அம்மா பெட்டில வந்தது.

போறதுக்கு மூணு வழி இருந்துச்சு. தொன்புரி ஸ்டேஷன்ல இருந்து காலைல ஒரு ரயில் போகுது, பாலத்து மேலயே ஏறிப் போகும், டிக்கெட்டும் கொஞ்சம் காசுதான், ஆனா மர சீட், காத்தாடி மட்டும், ரெண்டரை மூணு மணி நேரம், அம்மா முட்டிக்கு ஆகாது. ரெண்டாவது டூர் வேன். நான் ஒரு ஏஜென்சிக்கு போன் பண்ணி, ஜப்பான்காரன் வச்ச நினைவுத்தூண்ல அரை மணி நேரம் நிக்கணும், ஒரு வியட்நாம் கோயிலுக்கும் போகணும்னு கேட்டேன், அதெல்லாம் லிஸ்ட்ல இல்ல மேடம், பாலம், மிதக்குற சந்தை, யானைன்னு மூணுதான்னுட்டாங்க. யானை பாக்க வரலைங்க நாங்கன்னு வச்சுட்டேன். கடைசில டிரைவரோட தனி காடி எடுத்துட்டேன் (எங்க ஊர் பேச்சுல காடின்னா கார்), நாள் பூரா 3,500 பாட், பெட்ரோல் டோல் எல்லாம் சேர்த்து. செலவுதான், ஆனா இந்த மாதிரி பயணத்துக்கு அதுதான் சரின்னு இப்பவும் சொல்வேன். எங்க நிக்கணுமோ அங்க நிக்கலாம், எவ்வளவு நேரம் வேணுமோ நிக்கலாம், அழணும்னா காடிக்குள்ள கதவை சாத்திட்டு அழலாம். வயசானவங்களை இந்த மாதிரி எடத்துக்கு கூட்டிட்டு போறவங்க காசு பாக்காம இதை செய்யுங்க.

டிரைவருக்கு அறுபதுக்கு மேல இருக்கும், ராட்சபுரி பக்கத்து ஆளு. காலைல ஆறரைக்கு ஹோட்டல் வாசல்ல நின்னாரு. அம்மாவைப் பார்த்து கை கூப்பி "மே"ன்னு கூப்பிட்டாரு, சயாம் பாஷைல அம்மா. அம்மாவுக்கு முதல்ல புரியல, ஆட்டுக்குட்டி மாதிரி கூப்பிடுறாரேன்னு சிரிச்சாங்க, அர்த்தம் சொன்னதும் அன்னைக்கு பூரா அவருக்கு "தம்பி"ன்னு பேர் ஆயிடுச்சு. ஆறுக்கும் அவங்க பாஷைல "மே நாம்"னுதான் பேரு, தண்ணியோட அம்மா. கொஞ்சம் இங்கிலீஷ், கொஞ்சம் போன்ல இருக்கிற மொழிபெயர்ப்பு ஆப், மீதி கை ஜாடை, அப்படித்தான் பேசிட்டே போனோம்.

பேங்காக்ல இருந்து காஞ்சனபுரி சுமார் 130 கிலோமீட்டர். நெரிசலை தாண்டுறதுக்கே ஒரு மணி நேரம், அதுக்கப்பறம் நகோன் பத்தோம்ல ஆரஞ்சு கலர்ல அந்த பிரம்மாண்டமான ஸ்தூபி ஜன்னல்ல தெரிஞ்சது, அம்மா கன்னத்துல போட்டுக்கிட்டாங்க, நிக்கல. பசியாற ஒரு பெட்ரோல் ஸ்டேஷன்ல நிறுத்தி கஞ்சி வாங்கினோம். அங்க வச்சுத்தான் டிரைவர் கேட்டார், நீங்க போட்டோ எடுக்கவா வர்றீங்கன்னு. நான் ஆப்ல டைப் பண்ணி காட்டினேன், எங்க அம்மாவோட பெரியப்பா அந்த ரயில் ரோட்டு வேலைக்கு மலாயாவுல இருந்து வந்து திரும்பலன்னு. அவர் ரெண்டு தடவை படிச்சார். கஞ்சி கோப்பையை கீழ வச்சுட்டு, தன்னோட பாட்டி வீடு பான் போங்ல, ஸ்டேஷன் பக்கத்துலன்னு சொன்னார்.

பான் போங்குன்னா தெரிஞ்சவங்களுக்கு வயித்தை கலக்கும். மலாயாவுல இருந்து கூட்ஸ் வண்டில ஏத்துனவங்களை நாலஞ்சு நாள் கழிச்சு இறக்கி விட்ட ஊரு அது. இரும்பு பெட்டி, பகல்ல அடுப்பு மாதிரி கொதிக்கும், உக்கார எடம் இருக்காது. அங்க இறக்கிட்டு அதுக்கப்பறம் காட்டுக்குள்ள நடைதான், சில பேரு 200 கிலோமீட்டருக்கு மேல. டிரைவரோட பாட்டி அந்த ஸ்டேஷன்ல வாழைப்பழம் வித்தவங்களாம். வெள்ளைக்கார கைதிங்க வந்ததையும் பாத்திருக்காங்க, அப்பறம் "கேக்" வந்ததையும் பாத்திருக்காங்க. கேக்ன்னா விருந்தாளி, இந்தியா பக்கத்து முகம் உள்ளவங்களையும் அப்படித்தான் சொல்வாங்க. "கேக் ஆளுங்க பானை, பாய், கைக்குழந்தையோட இறங்குனாங்க, குடும்பமா குடி வந்த மாதிரி" அப்படின்னு அவங்க பாட்டி சொல்வாங்களாம். அம்மா அதைக் கேட்டுட்டு ரொம்ப நேரம் ஜன்னல் பக்கமே பாத்துட்டு வந்தாங்க. ஆமா, குடும்பத்தோடவும் போனவங்க உண்டு, மூணு மாசம்தானேன்னு பொண்டாட்டி பிள்ளைங்களை கூட்டிட்டு போனவங்க.

ரயில்பாதை விவரத்தை இங்க சொல்லிடறேன். 1942ல ஜப்பான் பர்மாவை பிடிச்சப்பறம் கடல் வழியா சரக்கு அனுப்புறது ஆபத்தாயிடுச்சு, நீர்மூழ்கிக் கப்பலுங்க அடிச்சுடும். அதனால சயாம்ல நோங் ப்ளாடுக்ல இருந்து பர்மாவுல தன்பியூசயாட் வரைக்கும் 415 கிலோமீட்டர், மலை, காடு, ஆறுன்னு பாக்காம பாதை போட முடிவு பண்ணாங்க. ரெண்டு பக்கத்துல இருந்தும் ஆரம்பிச்சு 1943 அக்டோபர் 17ல ரெண்டையும் சேத்துட்டாங்க. ஒண்ணரை வருஷம் கூட ஆகல. நேசநாட்டு போர்க்கைதிங்க 60,000க்கு மேல, அதுல 12,000 பேருக்கு மேல செத்தாங்க. ஆசியாவுல இருந்து பிடிச்சுட்டு வந்த கூலிங்க ரெண்டு லட்சம் வரைக்கும் இருக்கும், பர்மாக்காரங்க, ஜாவாக்காரங்க, மலாய்க்காரங்க, சீனங்க, அப்பறம் நம்ம ஆளுங்க. மலாயாவுல இருந்து மட்டும் 70,000க்கு மேல, பெரும்பாலும் தோட்டத்து தமிழங்க. ஆசிய கூலிங்கள்ல செத்தவங்க 90,000 வரைக்கும்னு சொல்றாங்க. "வரைக்கும்"னு ஏன் சொல்றாங்கன்னா யாரும் எண்ணல.

கைதிங்களுக்கு சாப்பாடு இல்ல, மருந்து இல்ல, அடி உண்டு, உண்மைதான், ஆனா அவங்க ராணுவம்ங்கிறதால அதிகாரி இருந்தாங்க, அவங்களுக்குள்ளயே டாக்டருங்க இருந்தாங்க, யாரு செத்தாங்கன்னு ஒளிச்சு வச்சு எழுதினாங்க. தண்ணியை கொதிக்க வச்சு குடின்னு சொல்ல ஒரு ஆளு இருந்தாரு. நம்ம ஆளுங்க கேம்புல அதுவும் இல்ல. 1943 மழைக்காலத்துல காலரா வந்தப்போ முழு முழு கேம்பா போயிருக்கு. பேரு எழுதி வச்சவங்க யாருமில்ல.

காஞ்சனபுரி ஊருக்குள்ள நுழைஞ்சதும் முதல்ல வர்றது போர்க்கல்லறை. ரோட்டோரத்துலயே இருக்கு. உள்ள போனா, சொல்லக்கூடாது, அவ்வளவு அழகா இருக்கு. கத்திரிச்சு விட்ட பச்சைப் புல்லு, ஒவ்வொரு கல்லுக்கு பக்கத்துலயும் ஒரு பூச்செடி, மண்ணு ஈரமா, இலை ஒண்ணு கீழ கிடக்கல. மொத்தம் 6,982 பேர் அங்க. ஒவ்வொரு பலகைலயும் பேரு, பதவி, எந்த படை, இறந்த தேதி, வயசு, கடைசில வீட்டு ஆளுங்க எழுதி அனுப்பின ஒரு வரி. அம்மாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க கஷ்டம், நான் சிலதை வாசிச்சு சொன்னேன், 22 வயசு, 24 வயசு, 19 வயசுன்னு. அம்மா ஒவ்வொண்ணுக்கும் "ஐயோ பிள்ளை"ன்னாங்க. ஒரு கல்லு முன்னாடி குனிஞ்சு, ஒரு பூவு சாஞ்சு கிடந்ததை நிமித்தி வச்சாங்க. அந்த பிள்ளைங்க மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல, அவங்களும் யாரோ பெத்த பிள்ளைங்கதான், இந்த மாதிரிதான் வச்சு பாத்துக்கணும்.

ஆனா வெளிய வரும்போது அம்மா கேட்டாங்க. "இவங்க பேரை எல்லாம் யாரு எழுதி வச்சா?" பிரிட்டிஷ் அரசாங்கம்தான்ம்மா, அவங்க ராணுவம்தானேன்னேன். "நம்ம ஆளுங்களை கப்பல்ல ஏத்தி மலாயாவுக்கு கொண்டு வந்ததும் அவங்கதானே"ன்னாங்க. எனக்கு பதில் தெரியல. தோட்டத்துல இருந்தவரைக்கும் ஒவ்வொருத்தர் பேரும் கிராணி (தோட்டத்து குமாஸ்தா) புக்குல இருந்துச்சு, எத்தனை பவுண்டு பால் எடுத்தான்ங்கிறது வரைக்கும் இருந்துச்சு. செத்தப்போ ஒரு எழுத்து இல்ல.

கல்லறைக்கு எதிர்லயே ரயில்பாதை மியூசியம் ஒண்ணு, 2003ல திறந்தது, நல்லா பண்ணியிருக்காங்க, ஆசிய கூலிங்களை பத்தியும் அதுல இருக்கு, நேரம் ஒதுக்கி பாருங்க. ஆத்தோரமா இன்னொரு பழைய மியூசியம் இருக்கு, ஒரு புத்த கோயிலுக்குள்ள, ஜீத்னு பேரு. ஜப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, தாய்லாந்து, ஹாலந்துன்னு நாடுங்களோட முதல் எழுத்தை கோத்து வச்ச பேரு அது. மலாயாவும் பர்மாவும் ஜாவாவும் அந்த பேருக்குள்ள இல்ல. நாங்க உள்ள போகல.

பாலத்துக்கு பத்தரை மணி வாக்குல போனோம். அம்மா மனசுல அது ஏதோ பயங்கரமான எடமா இருந்திருக்கு, நேர்ல பாத்தா அப்படி இல்ல. அகலமான ஆறு, தண்ணி பச்சையா மெதுவா போகுது, கரையில மிதக்குற சாப்பாட்டு கடை, அக்கரையில சீனக்கோயில்ல பெரிய குவான்யின் சிலை, தூரத்துல நீலமா மலை. நடுவுல கறுப்பு இரும்பு பாலம், சுமார் 300 மீட்டர், வில்லு மாதிரி வளைஞ்ச இரும்புக்கூடு வரிசையா. நடுவுல மட்டும் ரெண்டு கூடு வளையாம நேர்கோடா, மூலை மூலையா நிக்கும். அதுதான் குண்டு விழுந்த எடம். 1944லயும் 1945லயும் நேசநாட்டு விமானங்க மறுபடி மறுபடி வந்து அடிச்சதுல மூணு வளைவு விழுந்துடுச்சு, யுத்தத்துக்கப்பறம் அந்த எடத்துல ரெண்டு புது கூடு ஜப்பான்ல செஞ்சு கொண்டு வந்து வச்சாங்க. வளைஞ்சதெல்லாம் பழசு, ஜாவாவுல இருந்த ஒரு பாலத்தை கழட்டி கொண்டு வந்தது. இந்த இரும்பு பாலத்துக்கு முன்னாடி கொஞ்சம் கீழ்ப்பக்கமா மரப்பாலம் ஒண்ணு 1943 பிப்ரவரில முடிச்சிருந்தாங்க, அது இப்போ இல்ல.

உண்மையை உண்மையா சொல்லணும், இந்த பாலத்தை கட்டுனது பெரும்பாலும் வெள்ளைக்கார கைதிங்கதான். நம்ம ஆளுங்களை பெரும்பாலும் இங்கேருந்து இன்னும் மேல, காட்டுக்குள்ள, மண்ணு வெட்டவும் கல்லு உடைக்கவும் மரம் சாய்க்கவும் கொண்டு போனாங்க, பாதை முடிஞ்சப்பறமும் பழுது பாக்க அங்கேயே வச்சிருந்தாங்க. பெரியப்பா இந்த பாலத்தை தொட்டிருக்க மாட்டாரோ என்னமோ, ஆனா இந்த வழியாத்தான் போயிருக்கணும், வேற வழி இல்ல.

இன்னொண்ணு, அந்த ஆத்துக்கு அப்போ குவாய்னு பேரே இல்ல. பாலம் இருந்தது மே குளோங் ஆத்து மேல. ஒரு இங்கிலீஷ் படம் வந்து உலகம் பூரா குவாய் நதி பாலம்னு பிரபலமாகி, ஜனங்க வந்து குவாய் எங்க குவாய் எங்கன்னு கேக்க ஆரம்பிச்சதும், 1960ல ஆத்தோட மேல்பகுதிக்கு குவே யாய்னு பேரையே மாத்திட்டாங்க. குவேன்னா கிளை ஆறு, யாய்னா பெருசு. வெளியூர்க்காரங்க சொல்ற மாதிரி குவாய்ன்னு சொன்னா எருமைன்னு அர்த்தம் வருதுன்னு டிரைவர் சொன்னார். படத்துக்காக ஒரு ஆறு பேரை மாத்திக்கிச்சு.

ஆனா எனக்கு பிடிச்ச பேரு வேற. பாலம் இருக்கிற எடத்துக்கு தா மகாம்னு பேரு. தான்னா படகுத்துறை, மகாம்னா புளி. புளியந்துறை! அம்மாகிட்ட சொன்னதும் முகமே மாறிடுச்சு. "புளியந்துறையா? நம்ம ஊரு பேரு மாதிரில்ல இருக்கு"ன்னு ரெண்டு மூணு தடவை சொல்லி பாத்தாங்க. அம்மாவோட பாட்டி புதுக்கோட்டை பக்கத்துல இருந்து வந்தவங்க, அந்த பக்கம் இந்த மாதிரி பேருதான் ஊருக்கெல்லாம். தெரியாத தேசத்துல மகன் தொலைஞ்சான்னு நினைச்சுட்டே போன பாட்டிக்கு இந்த ஒரு பேரை யாராவது சொல்லியிருக்கலாம்னு தோணுச்சு.

அம்மா பாலத்துல நடக்கணும்னாங்க. தண்டவாளத்துக்கு நடுவுல இரும்பு தகடு போட்டிருக்காங்க, எல்லாரும் நடக்குறாங்க, ஆனா ஓரத்துல கம்பி எல்லா எடத்துலயும் இல்ல, இடுக்கு வழியா கீழ தண்ணி தெரியும். நானும் டிரைவரும் ஆளுக்கு ஒரு கை பிடிச்சுக்கிட்டோம். ரெண்டாவது வளைவு கிட்ட போனப்போ ரயில் ஊதுற சத்தம். ஓரத்துல ஒதுங்கி நிக்க சின்ன சின்ன மேடை வச்சிருக்காங்க, அதுல ஏறி நின்னோம். ரயில் ஆள் நடக்குற வேகத்துலதான் வந்துச்சு, கையை நீட்டுனா தொடலாம், ஜன்னல்ல எல்லாரும் சிரிச்சு கை காட்டுறாங்க, ஒரு சின்ன பொண்ணு அம்மாவைப் பார்த்து கை ஆட்டுச்சு, அம்மாவும் ஆட்டுனாங்க. பெட்டி ஒவ்வொண்ணா போகும்போது காலுக்கடியில இரும்பு லேசா உதறுறது எனக்கு முட்டி வரைக்கும் ஏறுச்சு. அம்மா ஒரு கையால அந்த பழைய வளைவு கம்பியை பிடிச்சிருந்தாங்க. ரயில் போனப்பறமும் விடல. "இன்னும் நடுங்குது பாரு"ன்னு என் கையை எடுத்து அதுல வச்சாங்க. ஆமா, இரும்பு ரொம்ப நேரம் நடுங்குது, சத்தம் நின்னப்பறமும்.

அடுத்தது நான் வந்ததே இதுக்குத்தான்னு சொல்லணும். பாலத்துல இருந்து கொஞ்ச தூரத்துல ஒரு சுத்துச்சுவருக்குள்ள ஒரு தூண் இருக்கு. 1944ல, யுத்தம் முடியறதுக்கு முன்னாடியே, ஜப்பான் ரயில்வே படையே வச்சது, பாதை போடும்போது செத்தவங்களுக்காக. டூர் வேனுங்க அநேகமா அங்க நிக்கிறதில்ல. எங்க டிரைவரே நூறு தடவை அந்த பக்கம் போயிருக்கேன், உள்ள போனதில்லன்னார். நாங்க போனப்போ ஒரு ஆளு இல்ல, ஒரு நாய் நிழல்ல படுத்திருந்துச்சு.

சுவருல பல மொழில கல்வெட்டு பதிச்சிருக்காங்க. இங்கிலீஷ், சீனம், மலாய், சயாம், வியட்நாம். அப்பறம் தமிழ். நான் போட்டோல பாத்திருந்தேன், அம்மாகிட்ட சொல்லல. அம்மா ஒவ்வொண்ணா பாத்துட்டே வந்தவங்க அங்க நின்னுட்டாங்க. அம்மா தோட்டத்து தமிழ்ப்பள்ளில ஆறாவது வரைக்கும் படிச்சவங்க. கல்லுல மழைக்கறை, எழுத்து சில எடத்துல மங்கிப் போயிருக்கு. முந்தானையால தொடைச்சுட்டு, ஆள்காட்டி விரலை எழுத்து மேல வச்சு, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தா கூட்டி சத்தமா வாசிச்சாங்க. கொம்பு எது கால் எதுன்னு தெரியாத எடத்துல விரல் நிக்கும், பின்னாடி போயி மறுபடி ஆரம்பிக்கும். அஞ்சு நிமிஷம் ஆச்சு. டிரைவர் தொப்பியை கழட்டி கையில வச்சுக்கிட்டு நின்னார்.

முடிச்சுட்டு அம்மா திரும்பி என்னைப் பார்த்து, "அவங்களுக்கு தெரிஞ்சிருக்கு"ன்னாங்க. யாருக்கும்மா? "ஜப்பான்காரனுக்கு. செத்தது தமிழ் வாசிக்கிற ஆளுங்கன்னு தெரிஞ்சிருக்கு."

எனக்கு அப்போ வந்த கோவத்தை எப்படி எழுதறதுன்னு தெரியல. மரியாதை பண்ணியிருக்காங்கன்னு சந்தோஷப்படவா? இந்த கல்லு வச்சப்போ நம்ம ஆளுங்க இன்னும் அந்த காட்டுல செத்துட்டு இருந்தாங்க. கல்லுல செதுக்க தமிழ் தெரிஞ்ச ஆளை தேட முடிஞ்சவங்களுக்கு, கால்ல புண்ணு வந்தவனுக்கு ஒரு கட்டுத்துணி தேட முடியல. அதே நேரத்துல, அந்த கரையில 80 வருஷமா நம்ம பாஷைல அழுதது அந்த கல்லு மட்டும்தான்ங்கிறதும் உண்மை. கொன்னவன் எழுதி வச்சான், கூட்டிட்டு வந்தவன் எழுதல, நாமளும் ரொம்ப காலத்துக்கு எழுதல. இது மூணுமே என்னால ஒண்ணா விழுங்க முடியல, இன்னைக்கும் முடியல.

மதிய சாப்பாடு ஆத்தோர கடையில, மீன் கொழம்பு மாதிரி ஒண்ணு, புளி போட்டது. அம்மா ருசி பாத்துட்டு "புளியந்துறை புளி"ன்னாங்க, அன்னைக்கு முதல் தடவையா நல்லா சாப்பிட்டாங்க. டிரைவர் இன்னும் மேல போனா தாம் கிராசேல பாறையை ஒட்டி மரத்துல கட்டுன பாதை இருக்கு, எல்லாரும் அங்க போவாங்க, போட்டோ நல்லா வரும்னு சொன்னார். பாறை குடைஞ்ச ஹெல்ஃபயர் பாஸ் அதையும் தாண்டி, படிக்கட்டு நிறைய. அம்மா வேணாம்னுட்டாங்க.

அதனால வியட்நாம் கோயில். வாட் தாவோர்ன் வராராம், ஊருக்குள்ளயே இருக்கு, வாட் யுவான்னும் சொல்வாங்க. யுத்தத்துக்கப்பறம் கேம்பு இருந்த எடங்கள்ல இருந்து ஆசிய கூலிங்களோட எலும்புங்களை எடுத்துட்டு வந்து இங்க அடக்கம் பண்ணாங்க. 1990ல கூட இந்த ஊர்ல ஒரு வயல்ல குழி குழியா எலும்பு கிடைச்சுது. யாரு தமிழன், யாரு ஜாவாக்காரன்னு எலும்புல எழுதியிருக்காது, எல்லாரும் ஒண்ணாத்தான் இருக்காங்க. சமீப வருஷங்கள்ல மலேசியாவுல இருக்கிற நம்ம தமிழர் அமைப்புங்க, பிள்ளைங்க பேரப்பிள்ளைங்க எல்லாம் விடாம அலைஞ்சு, இந்த கோயில்ல நம்ம ஆளுங்களுக்குன்னு ஒரு நடுகல் வச்சிருக்காங்க. நடுகல்! சண்டையில விழுந்தவனுக்கு வைக்கிற கல்லு. மண்ணு வெட்டுன கூலிக்கு அந்த பேரை வச்சவங்க யாரோ, அவங்க காலைத் தொட்டு கும்பிடணும்.

அம்மா பைக்குள்ள இருந்து துண்டை பிரிச்சு மங்கை எடுத்தாங்க. கோயில் பிக்குகிட்ட டிரைவர்தான் போயி கேட்டுட்டு வந்தார், பண்ணிக்கோங்கன்னுட்டாங்க. கல்லு முன்னாடி வெத்தலை பாக்கு, ரெண்டு வாழைப்பழம், டிரைவர் வழியில வாங்கின சாமந்தி மாலை. மங்குல ரெண்டு கட்டி கற்பூரம் போட்டு கொளுத்தினாங்க. அந்த காப்பிக்கறை மேல நெருப்பு நீலமா ஆரம்பிச்சு மஞ்சளா எரிஞ்சுது. அம்மா பெரியப்பா பேரை சத்தமா சொன்னாங்க. அப்பன் பேரு, அம்மா பேரு, தோட்டத்து பேரு, எத்தனையாம் நம்பர் லயம் (தோட்டத்து வரிசை வீடு)னு வரைக்கும் சொன்னாங்க, ஆபீஸ்ல பதிவு பண்ற மாதிரி. அதுக்கப்பறம் வேற எதுவும் சொல்லல. திரும்பி பாத்தா டிரைவர் எங்களுக்கு பின்னாடி முட்டி போட்டு கை கூப்பி இருந்தார். ஊதுபத்தி மூணு அவரும் ஏத்தி வச்சார், தன்னோட பாட்டிக்காகவும்னு சொன்னார்.

மங்கை அங்கேயே வச்சுட்டு வருவாங்கன்னு நினைச்சேன். ஆறினதும் துடைச்சு, மறுபடி துண்டுல சுத்தி பைக்குள்ள வச்சுக்கிட்டாங்க. "இனிமே வருஷா வருஷம் வீட்டுல கொளுத்தணும்ல"ன்னாங்க. எந்த தேதின்னு கேட்டேன். "இன்னைக்கு தேதிதான்."

திரும்பும்போது ஒரே ஒரு எடத்துல நிறுத்த சொன்னேன், நோங் ப்ளாடுக் ஜங்ஷன். மரண ரயில் பாதை பிரியற எடம் அது. சின்ன ஸ்டேஷன், சுத்தமா, பூந்தொட்டி வச்சு, ஸ்டேஷன் மாஸ்டர் கொடியோட நின்னுட்டு இருந்தார். சாயங்காலம் அஞ்சு மணி தாண்டியிருந்துச்சு. டிரைவர் கையை நீட்டி காட்டினார், இந்த பக்கம் போனா காஞ்சனபுரி, பாலம், காடு. அந்த பக்கம் தெற்க போற மெயின் லைன், நேரா மலேசியா எல்லைல பாடாங் பெசார் வரைக்கும், நீங்க வந்த லைன்னு அம்மாகிட்ட சொன்னார், வந்தவங்க லைன்னு சொல்ல நினைச்சிருப்பார். நாங்க நிக்கும்போதே தெற்க போற எக்ஸ்பிரஸ் ஒண்ணு நிக்காம கடந்து போச்சு, நீளமா, ஏசி பெட்டிங்க, ஜன்னல்ல விளக்கு போட்டாச்சு, யாரோ சாப்பாட்டு தட்டை பிரிக்கிறது தெரிஞ்சுது. கடைசி பெட்டியோட சிகப்பு விளக்கு புள்ளியாகுற வரைக்கும் அம்மா பிளாட்பாரத்து ஓரத்துலயே நின்னாங்க.

காடில ஏறி உக்காந்ததும் கேட்டாங்க, அந்த ரயில் பாடாங் பெசார் எத்தனை மணிக்கு போய் சேரும்னு. காலைல போயிடும்மான்னேன்.

"ஒரு ராத்திரிதானா"ன்னாங்க.